ஈகையும் உரிமையும்

நுழையும்முன்

தாய் மட்டுமோ தந்தை மட்டுமோ இருந்து பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்கள் எல்லா ஊர்களிலும் உள்ளன. இறப்பு, மணமுறிவு, கைவிடப்படுதல் எனக் காரணங்கள் பல. இக்குடும்பங்களுக்காகப் பொருள் திரட்டியோரும் சட்டத்தின் வாயிலில் நின்று குரல் கொடுத்தோரும் உலகெங்கும் உண்டு. அவ்விரு பணிகளின் இயல்பையும் தொடர்பையும் விளக்குகிறது இக்கட்டுரை.

ஒருவர் தோளில் இருவர் சுமை

இருவர் பகிர்ந்து சுமக்கும் பொறுப்பை ஒருவரே சுமப்பது ஒற்றைப் பெற்றோர் குடும்பத்தின் நிலை. பொருள் ஈட்டுபவரும் அவரே. சோறு சமைப்பவரும் அவரே. பள்ளியில் நடைபெறும் பெற்றோர் கூட்டத்திற்குச் செல்ல வேண்டியவரும் அவரே. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அவர் வேலைக்குச் செல்ல இயலாது. செல்லாவிடில் அன்றைய கூலி இல்லை.

உலகிலுள்ள ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களுள் நூற்றுக்கு 84 குடும்பங்கள் தாய்மார்களால் நடத்தப்படுகின்றன என்று ஐக்கிய நாடுகள் பெண்கள் அமைப்பு 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இந்தியாவில் தாய் தனித்து நடத்தும் குடும்பங்கள் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம். இவற்றுள் 38 விழுக்காட்டுக் குடும்பங்கள் வறுமையில் உள்ளன. பெற்றோர் இருவரும் உள்ள குடும்பங்களில் இவ்வளவு 22.6 விழுக்காடே. இந்த வேறுபாட்டிற்கு அத்தாய்மாரின் உழைப்பின்மை காரணமன்று; ஒருவர் ஊதியத்தில் இருவர் கடமையையும் ஆற்ற நேர்வதே காரணம்.

இருவகைத் துணை

இத்தகைய குடும்பத்திற்குப் பிறர் இருவகையில் துணைநிற்கலாம். ஒன்று, நிதி திரட்டி உதவுதல். பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, மருந்து ஆகிய உடனடித் தேவைகளை இது நிறைவேற்றும். மற்றொன்று, உரிமைக்குக் குரல் கொடுத்தல். அக்குடும்பத்தை வருத்தும் சட்டத்தையும் விதியையும் வழக்கத்தையும் மாற்றுமாறு அரசிடமும் நீதிமன்றத்திடமும் சமூகத்திடமும் வாதாடுவது இது.

திருவள்ளுவர் ஈகை அதிகாரத்திற்கு முன்னர் ஒப்புரவறிதலை அமைத்துள்ளார்; இரவு என்னும் அதிகாரத்தை அடுத்து இரவச்சத்தை வைத்துள்ளார். கொடுப்பதைப் பாடிய புலவர், கேட்கும் நிலையில் நிற்போரின் மனத்துயரையும் எண்ணிப் பார்த்துள்ளார். ஒற்றைப் பெற்றோருக்கான தொண்டிலும் இவ்வெண்ணம் இன்றியமையாதது. நிதி இன்றைய பசியைத் தீர்க்கிறது. உரிமை நாளை கையேந்த வேண்டிய நிலையைக் குறைக்கிறது.

ஒரு நூற்றாண்டுப் பணி

இவ்விரு பணிகளும் இணைந்து வளர்ந்ததற்கு இங்கிலாந்து வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில், அந்நாட்டில் மணமாகாத தாய்மார்க்குப் பிறந்த குழந்தைகளின் இறப்பு வீதம் ஏனைய குழந்தைகளின் இறப்பு வீதத்தைப்போல் இருமடங்காக இருந்தது. பழிச்சொல்லுக்கு அஞ்சிய தாய்மார் பலர் தங்க இடமின்றி ஏழையர் விடுதிகளை நாடினர். இந்நிலையை மாற்ற 1918ஆம் ஆண்டில் ‘மணமாகாத தாய் மற்றும் அவள் குழந்தைக்கான தேசிய மன்றம்’ தொடங்கப்பட்டது. பொருளியலும் வரலாறும் கற்ற லெட்டிஸ் ஃபிஷர் அதன் முதல் தலைவர்.

தாயும் குழந்தையும் பிரியாமல் வாழ இடம் தேடித் தருவது அம்மன்றத்தின் ஒரு நோக்கம். குழந்தைக்குப் பிறப்பிலேயே இழிவு கற்பித்த சட்டங்களைத் திருத்தச் செய்வது மற்றொரு நோக்கம். முதல் நோக்கத்திற்கு நன்கொடை உதவியது. இரண்டாவதற்குப் பொறுமை வேண்டியிருந்தது. பெற்றோர் பின்னர் மணந்துகொண்டால் குழந்தைக்குச் சட்டத் தகுதி உண்டு என 1926இல் சட்டம் இயற்றப்பட்டது. பெற்றோர் விவரம் இடம்பெறாத சுருக்கப் பிறப்புச் சான்றிதழ் 1947இல் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழை நீட்டும் ஒவ்வோர் இடத்திலும் பிள்ளை தலைகுனிய வேண்டிய நிலையை அச்சிறு தாள் போக்கியது. இவ்வகைக் குழந்தைகள்மீதான சட்ட வேறுபாடுகளை நீக்கும் சட்டமோ 1987இல்தான் பிறந்தது.

இதற்கிடையே 1970இல், லண்டனில் வாடகை வீடு கிடைக்காமல் இடர்ப்பட்ட டெஸ்ஸா ஃபாதர்கில் என்னும் தாய், தம்மைப் போன்றோரை ஒன்றிணைத்து ‘ஜிஞ்சர்பிரெட்’ என்னும் தன்னுதவி அமைப்பைத் தொடங்கினார். உதவி பெறுவோரே உதவுவோராகவும் மாறினர். முன்னைய மன்றம் 1973இல் ‘ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களுக்கான தேசிய மன்றம்’ எனப் பெயர் மாறியது. ‘மணமாகாத’ என்னும் அடைமொழி நீங்கியதும், கணவனை இழந்தோர், மணமுறிவு பெற்றோர், தனித்து வளர்க்கும் தந்தையர் ஆகிய அனைவரும் ஒரே குடைக்கீழ் வந்தனர். பெயர் மாற்றமும் ஓர் உரிமைப் பணியே என்பதை இது காட்டுகிறது. இரு அமைப்புகளும் 2007இல் ஒன்றாயின.

ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ஜே. கே. ரௌலிங், 1990களின் தொடக்கத்தில் எடின்பரோ நகரில் கைக்குழந்தையுடன் தனித்து, அரசின் உதவித்தொகையைக் கொண்டு வாழ்ந்தவர். புகழ்பெற்ற பின், 2000ஆம் ஆண்டில் இம்மன்றத்திற்கு 5 லட்சம் பவுண்டு வழங்கி அதன் தூதராகவும் பொறுப்பேற்றார். ஒற்றைத் தாய்மாரைச் சோம்பேறிகள் எனப் பழிக்கும் போக்கை எதிர்த்து எழுதவும் செய்தார். அவர் தந்த பணத்தின் அளவுக்கு அவர் தந்த குரலும் அத்தாய்மார்க்குத் துணையாயிற்று.

பஞ்சாபிலிருந்து ஐ.நா. அவைக்கு

இந்தியாவோடு தொடர்புடைய மற்றொரு முயற்சியும் உண்டு. பஞ்சாப் மாநிலத்தின் தில்வான் என்னும் ஊரில் பிறந்தவர் ராஜ் லூம்பா. 1954 ஜூன் 23 அன்று அவர் தந்தை மறைந்தார். முப்பத்தேழு வயதில் கணவரை இழந்த தாய், ஏழு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். பின்னாளில் ராஜ் லூம்பாவின் திருமணத்தின்போது, கைம்பெண் அருகிலிருத்தல் ஆகாதெனக் கூறி அத்தாயைப் புரோகிதர் விலகி அமரச் செய்தார். பிள்ளையை ஆளாக்கியவரே பிள்ளையின் மணமேடைக்கு ஆகாதவரானார்.

இங்கிலாந்தில் வணிகராக உயர்ந்த லூம்பா, 1997இல் அத்தாயின் நினைவாக ஓர் அறக்கட்டளையை நிறுவினார். இந்தியாவிலுள்ள ஏழைக் கைம்பெண்களின் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்க அது நிதி திரட்டியது. கல்விக் கட்டணம் கொடுப்பதால் மட்டும் மணமேடையில் நேர்ந்த இழிவு நீங்காது என்பதால் உலக அரங்கிலும் குரல் எழுப்பியது. அதன் பயனாக, ஜூன் 23ஆம் நாளை உலகக் கைம்பெண்கள் நாளாக ஐக்கிய நாடுகள் பொது அவை 2010இல் ஏற்றுக்கொண்டது.

ஒரு சொல்லின் பொருள்

சட்டத்திலுள்ள ஒரு சொல்லுக்குப் பொருள் காண்பதும் பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வை மாற்றக்கூடும். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பின்’ தாய் எனக் கூறுகிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் சேமிப்புப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, காப்பாளராகத் தாய் இட்ட கையொப்பத்தை இந்திய ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. கணவரின் இசைவு இருந்தும் இந்நிலை. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. ‘பின்’ என்பது தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள்படாது. தந்தை பிள்ளையின் பொறுப்பை ஏற்காதிருக்கும் காலத்தையும் குறிக்கும் என நீதிமன்றம் 1999இல் விளக்கியது.

மணமாகாத தாய், குழந்தையின் தந்தை பெயரை வெளியிடாமலே காப்பாளர் ஆகலாம் என 2015இல் தீர்ப்பாயிற்று. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பெற்றோருள் ஒருவர் பெயர் போதும் என்னும் விதி 2016இல் வந்தது. மனைவியின்றிப் பிள்ளையை வளர்க்கும் நடுவணரசு ஊழியரான தந்தைக்கும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு என 2018இல் ஆணையிடப்பட்டது. இவற்றுள் எதுவும் நன்கொடைப் பெட்டியிலிருந்து வந்ததன்று.

மானம் காக்கும் கொடை

ஆயினும் நன்கொடையின் தேவை குறைந்துவிடவில்லை. தீர்ப்பு வரும்வரை அடுப்பு காத்திருக்காது. நிதி திரட்டும் முறையில்தான் கவனம் வேண்டும். மேடையில் பிள்ளையை நிறுத்தி, கண்ணீரைப் படம்பிடித்து, அப்படத்தைக் காட்டிப் பணம் சேர்த்தல் அறமன்று. அப்படம் பிள்ளையின் வகுப்புத் தோழர்களையும் சென்றடையும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, ஒளிப்படம் ஆகியவற்றை ஊடகங்களில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. திரட்டிய தொகைக்கும் செலவிற்கும் கணக்குக் காட்டுதல், கொடுத்தவர்க்குப் பற்றுச்சீட்டு வழங்குதல், பெறுபவரின் தேவையை அவரிடமே கேட்டறிதல் ஆகியன நல்ல அமைப்பின் அடையாளங்கள்.

இருக்கும் உதவியை அறியச் செய்வதும் தொண்டே. ஆதரவற்ற கைம்பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு ஓய்வூதியம் வழங்குகிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ், கைம்பெண்கள், மணமுறிவு பெற்றோர், கைவிடப்பட்டோர் ஆகியோரின் தகுதியுள்ள பிள்ளைகளுக்குத் திங்கள்தோறும் 4,000 ரூபாய் உதவி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இதற்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை நிரப்ப உதவும் ஒரு மாணவர், பணம் ஏதும் கொடாமலே ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய் கிடைக்க வழிசெய்கிறார்.

உங்கள் வகுப்பிலும் இத்தகைய குடும்பத்திலிருந்து வருவோர் இருக்கக்கூடும். அவர்கள் இரக்கத்தை நாடி வருவதில்லை. எல்லோரையும்போல் கற்க வருகின்றனர். பள்ளிப் படிவத்தில் ‘தந்தை பெயர்’ என்னுமிடத்தில் ‘பெற்றோர் அல்லது காப்பாளர் பெயர்’ என அச்சிடப்பட்டால், அவர்கள் தயங்கும் ஓரிடம் குறையும். கொடுக்கும் கை நீளட்டும். அதனோடு, கேட்க வேண்டிய தேவையைக் குறைக்கும் குரலும் ஒலிக்கட்டும்.