ஓட்டும் ஊரும் – 14: தனித்தொகுதி பஸ் ஏறிய கதை

போன வாரம் ராஜபாளையத்து மில் சங்கங்களையும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிகளையும் பார்த்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் வாக்குப்பதிவு சதவீதம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இடையில் தொகுதி மறுவரையறைப் பட்டியல் கையில் சிக்கியது. மற்றதெல்லாம் மறந்துபோச்சு.

2006 தேர்தல் வரை ராஜபாளையம் தனித்தொகுதி, ஸ்ரீவில்லிபுத்தூர் பொதுத்தொகுதி. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2008-ல் வந்த மறுவரையறை இதை அப்படியே மாற்றிப் போட்டது. 2011-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் தனி, ராஜபாளையம் பொது. நடுவே சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் சாலைதான். ராஜபாளையத்துக்காரர் நிலைமை இன்னும் வேடிக்கை. அவருக்குக் கலெக்டர் விருதுநகரில், எம்.பி. தொகுதியோ தென்காசி. அது தனித்தொகுதி. ஆக எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கணக்கு, எம்.பி.க்கு வேறு கணக்கு என்று ஒரே மனிதர் இரண்டு விதமாக ஓட்டுப்போடுகிறார்.

டீக்கடையில் 'சாதி ஓட்டு' பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை. தனித்தொகுதியில் நிற்கிற எல்லோரும் பட்டியல் சாதியினர். ஓட்டுப்போடுகிறவர்கள் எல்லாச் சாதியினரும். மற்றச் சாதிக்காரர் 'நம்மாள் யார்' என்று தேடினால் யாரும் கிடைக்கமாட்டார். சின்னத்தைத்தான் பார்க்கவேண்டும். பட்டியல் சாதியினருக்குள்ளும் பள்ளர், பறையர், அருந்ததியர் என்று தனித்தனி அரசியல் உண்டு. அதனால் யாரையும் உறுத்தாத வேட்பாளராகப் பார்த்துக் கட்சிகள் நிறுத்துகின்றன. 1932 பூனா ஒப்பந்தத்தால் வந்த கூட்டுத்தொகுதி முறை பற்றி அம்பேத்கர் பின்னாளில் வைத்த குறையும் இதுதான்: வெற்றி அடுத்தவர் கையில்.

ஒரு கிளைக்கதை, விட மனமில்லை. 1961-க்கு முன்பு தனித்தொகுதியே வேறு மாதிரி. ஒரே தொகுதியில் இரண்டு உறுப்பினர்கள், ஒன்று பொது, ஒன்று ஒதுக்கீடு. 1957-ல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் வி.வி. கிரி நின்றார். மத்தியில் தொழிலாளர் அமைச்சராக இருந்தவர். எண்ணிப் பார்த்தால் முதல் இரண்டு இடமும் பழங்குடி வேட்பாளர்களுக்கு. ஒதுக்கீட்டு இடம் ஒருவருக்குப் போனது சரி, பொது இடமும் அவர்களில் இன்னொருவருக்கா என்று கிரி உச்ச நீதிமன்றம் வரை போனார். ஒதுக்கீட்டு இடம் போக, மீதிப் பேரில் அதிக ஓட்டு வாங்கியவருக்கே பொது இடம் என்று தீர்ப்பானது. 1961-ல் இரட்டை உறுப்பினர் முறையையே ஒழித்தார்கள். கிரி 1969-ல் குடியரசுத் தலைவராகிவிட்டார், அது வேறு.

நம்மூருக்கு வருவோம். 2006-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ராமசாமி ஜெயித்தார், பொதுத்தொகுதி, தி.மு.க. கூட்டணி. 2011-ல் அதே கட்சியின் பொன்னுபாண்டி ஜெயித்தார், தனித்தொகுதி, அ.தி.மு.க. கூட்டணி. தொகுதியும் மாறி, கூட்டணியும் மாறி, கதிர் அரிவாள் மட்டும் நின்றது! அடுத்து 2016-லும் 2021-லும் அங்கே அ.தி.மு.க., ராஜபாளையத்தில் தி.மு.க.வின் தங்கபாண்டியன். 2006-லும் இரண்டு ஊரும் ஆளுக்கொரு பக்கம்தான். நான்கு தேர்தலில் மூன்றில் இந்த அண்டை ஊர்கள் ஒத்துப்போகவில்லை.

சின்னத்தின் பலத்துக்கு 2021-ஐப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ் கொரோனாவோடு மருத்துவமனையில் கிடந்தார், மகள்தான் ஓட்டுக் கேட்டார். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, 11-ஆம் தேதி அவர் இறந்துபோனார். மே 2-ல் எண்ணியபோது கைக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் விழுந்திருந்தது, அ.தி.மு.க.வின் மான்ராஜ் வென்றார். வாக்குப்பதிவுக்கு முன்பு இறந்திருந்தால் தேர்தலே தள்ளிப்போயிருக்கும், பின்பு என்றால் எண்ணிக்கை நடக்கும். சட்டம் அப்படி.

ஆளுக்கு விழும் ஓட்டு இங்கே இல்லாமலும் இல்லை. 1991-ல் அ.தி.மு.க. - காங்கிரஸ் அணி 234-ல் 225 இடங்களை அள்ளியபோது, தமிழகம் முழுக்க ஜெயித்த ஒரே சுயேச்சை ஸ்ரீவில்லிபுத்தூர் தாமரைக்கனி. அப்போது அது பொதுத்தொகுதி. ஆனால் பொதுத்தொகுதியில் ஆளின் பெயர் எப்போதும் கைகொடுக்கும் என்றும் சொல்ல முடியாது. 2021-ல் அமைச்சர் ராஜேந்திர பாலாஜி சிவகாசியை விட்டு ராஜபாளையம் வந்து நின்றார். நாலாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். என் எண்ணம், சாதி வேட்பாளரைப் பொறுக்குகிறது, ஓட்டைப் பெரும்பாலும் சின்னமே இழுக்கிறது. மறுப்பவர்கள் எழுதுங்கள்.

பக்கம் முடிகிறது, ஆசிரியர் போனில் இரண்டுமுறை கூப்பிட்டாயிற்று. வாக்குப்பதிவு சதவீதம் நிச்சயமாக அடுத்த வாரம். தேர்தலன்று சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் மில்லிலிருந்து வெளியே வருகிற பெண் நேரே பூத்துக்குப் போகிறாரா, வீட்டுக்குப் போய்த் தூங்குகிறாரா? திருப்பூரில் வேலை பார்க்கிற பையனுக்கு ஊர் வந்துபோக பஸ் காசு யார் கொடுக்கிறார்கள்? அதிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)