மண்டையோட்டு அமுக்கமும் கண்ணின் அடித்தளமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது முதுமொழி. மண்டையோட்டின் அகத்து நிலை கண்ணின் அடித்தளத்தில் தெரியும் என்பது மருத்துவ நூலார் துணிபு.

வளர்ந்தோரின் மண்டையோடு விரிந்து கொடாத பெட்டியாகும். மூளை, குருதி, மூளைமுண்ணாண் பாய்பொருள் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கியுள்ளன. ஒன்று மிகுமாயின் ஏனையவை குறைதல் வேண்டும். குறைய இயலாதவிடத்து அமுக்கம் உயரும். இவ்வுண்மையை ஸ்கொத்லாந்து மருத்துவராகிய மன்றோ 1783இலும், கெலி 1824இலும் எடுத்துரைத்தனர். பாய்பொருள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் சுரக்கின்றது. ஒருபோதில் தங்கியிருப்பதோ ஏறத்தாழ 150 மில்லிலீற்றரே. ஆகவே அது வடியும் வழி அடைபடினும், கட்டி வளரினும், மூளையின் பெருநாளங்களில் குருதி உறையினும் அமுக்கம் ஏறும்.

அது கண்ணை எட்டுவது எங்ஙனம்? பார்வை நரம்பு மூளையின் நீட்சியேயாம். மூளையைப் போர்த்த உறைகளே அதனையும் போர்த்துள்ளன. அவற்றிடையே அதே பாய்பொருள் கண்ணின் பின்புறம் வரை நிற்கின்றது. நரம்பின் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இழைகளினூடே கண்ணிலிருந்து மூளை நோக்கி உயிர்ப்பொருள் இடையறாது ஒழுகும். கடல் ஏறுங்கால் ஆற்றுநீர் வடியாது கழிமுகத்தில் தேங்குவதைக் கட்டைபறிச்சான் முதலிய கொட்டியாரக் குடாவையடுத்த ஊரார் அறிவர். அவ்வாறே உயர்ந்த அமுக்கம் எதிர்நிற்க, அவ்வொழுக்கு ஏறத்தாழ 1½ மில்லிமீற்றர் அகலமுள்ள நரம்புத் தட்டிலே தேங்குகின்றது. இழைகள் வீங்கும், தட்டு மேடிடும், விளிம்பு மங்கும், நாளங்கள் புடைக்கும், குருதியுங் கசியலாம்.

ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண்ணின் உட்புறங் காட்டும் கருவியை வெளியிட்டார். அதன் துணைகொண்டு, மூளைக் கட்டியுடையார் சிலரின் நரம்புத் தட்டு வீங்கியிருத்தலை 1860இல் விளக்கியவர் வொன் கிறாஃபே ஆவார்.

இவ்வீக்கத்தின் தொடக்கத்தில் பார்வை பெரும்பாலுங் கெடுவதில்லை. இடரும் அதிலேயே உள்ளது. வைகறையில் மிகும் தலையிடி, வாந்தி, குனிந்து நிமிர்கையில் சில விநாடி கண் இருளுதல், பொருள் இரண்டாய்த் தோன்றல் என்பனவே முன்னறிகுறிகள். மாணவனொருவன் இவற்றைக் கூறுங்கால், படிப்புக்கு அஞ்சிய பாசாங்கெனக் கடிதலும், மூக்குக்கண்ணாடி ஒன்றே போதுமென்று அமைதலும் பெருந்தவறாம். தலையிடி யாவும் இந்நோயல்ல. தட்டு வீங்காமையால் அமுக்கம் இல்லையெனத் துணிதலுங் கூடாது. ஆயினும் கண்ணினுள் நோக்குதற்குச் சில நிமிடமே போதும். வீக்கங் காணின் மூளையைப் படம்பிடித்துக் காரணந் தேர்வர். பின்னரே தேவைக்கேற்ப முதுகந்தண்டில் ஊசியிட்டு அமுக்கத்தை அளப்பர். காரணத்திற்கேற்ப மருந்தோ சத்திரசிகிச்சையோ அமையும். காலந் தாழ்ப்பின் இழைகள் மடியும், தட்டு வெளிறும், அங்ஙனம் இழந்த பார்வை மீளாது.

மூதூர்ப் பகுதியார் திருகோணமலைக்குச் செல்லத் தோணியையும் பாதையையும் நம்பியிருந்த காலம் உண்டு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் தரைவழி எளிதாயிற்று. வழி எளிதாகியும், குறியறியாமையால் ஒரு பிள்ளையின் கண்ணொளி அவிதல் தகுமோ? பெற்றோரும் ஆசிரியரும் சிந்திப்பாராக.