கேளாமற் போன ஒரு கேள்வி

பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்த நாள் தொட்டுப் பட்டமளிப்பு விழா நாள் வரைக்கும் ஒரு குடும்பம் போடும் கணக்குகள் எத்தனை! காணியை ஈடு வைத்த தந்தையார் அதனை மீட்கும் நாளை எண்ணுகின்றார். மூத்தவன் உத்தியோகம் பெற்றபின் இளையவளுக்குச் செய்ய வேண்டியவற்றைத் தாயார் நினைத்துக்கொள்கின்றார். இவ்வளவு எண்ணங்களும் பெறுபேற்றுப் பட்டியலில் வரவேண்டிய ஒரு பெயரிலே தங்கி நிற்கின்றன. புள்ளி குறைந்து அப்பெயர் வராது போனால், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று ஆறுதல் கொள்ளலாம். பிள்ளை குற்றவாளி, ஆகையால் அவனுக்குப் பட்டம் இல்லை என்று பல்கலைக்கழகமே கூறிவிட்டால் எங்கே போவது?

நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பர் சிலர். அங்ஙனம் போனவர்கள் உண்டு. அவர்களுள் ஒருவர் நமது நாட்டு மாணவர். கொழும்பிலே தொடங்கிய அவருடைய வழக்கு இலண்டன் மாநகரிலே முடிவடைந்தது. உலகின் பல நாடுகளிலும் சட்ட மாணவர்கள் அதனை இன்றும் படிக்கின்றார்கள். அவ்வழக்கின் வரலாறு, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

ஜேர்மன் மொழிப் பகுதி

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. அதன் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்கள். பத்தாண்டுகள் கழித்து, 1952ஆம் ஆண்டிலே, விலங்கியல் பயின்ற மாணவர் ஒருவர் விஞ்ஞானப் பட்டத்துக்கான இறுதிப் பரீட்சை எழுதினார். அக்காலத்து விஞ்ஞான ஆராய்ச்சிகள் பல ஜேர்மன் மொழியில் வெளிவந்தன. ஆதலால் அம்மொழிப் பகுதியொன்றை மொழிபெயர்ப்பதும் பரீட்சையின் ஓர் அங்கமாக இருந்தது.

பரீட்சை முடிந்தபின் உடன்பயின்ற மாணவி ஒருவர் ஒரு முறைப்பாடு செய்தார். வினாத்தாளில் வரவிருந்த ஜேர்மன் பகுதியை அம்மாணவர் முன்கூட்டியே அறிந்திருந்தார் என்பதே முறைப்பாடு. பரீட்சை வினாவை முன்னதாக அறிந்துகொண்டார் என்று துணைவேந்தர் திருப்தியடைந்தால், அப்பரீட்சார்த்தியின் மேல் நடவடிக்கை எடுக்கப் பல்கலைக்கழக விதிகள் இடமளித்தன. துணைவேந்தரின் தலைமையில் விசாரணைக் குழு ஒன்று கூடிற்று. மாணவரை அழைத்து விசாரித்தது. முறைப்பாடு செய்த மாணவியையும் மற்றைச் சாட்சிகளையும் விசாரித்தது. ஆனால் அவர்கள் சாட்சி சொன்னபோது மாணவர் அவ்விடத்தில் இல்லை.

முடிவு மாணவருக்கு எதிராகவே வந்தது. பல்கலைக்கழகப் பரீட்சைகள் அனைத்திலிருந்தும் அவர் காலவரையறையின்றித் தடுக்கப்பட்டார். ஓராண்டு, ஈராண்டு என்று எல்லை குறித்த தண்டனையாயின் பொறுத்திருந்து மீண்டும் எழுதலாம். எல்லை குறியாத தடை, பட்டம் என்ற கதவையே அடைத்துவிடுகின்றது. அடைத்த கதவின் மேல் 'கள்ளன்' என்ற பெயரையும் எழுதிவிடுகின்றது.

மூன்று மன்றங்கள்

மாணவர் அடங்கியிருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் தீர்மானம் செல்லாது என்று பிரகடனஞ் செய்யும்படி கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டார். வழக்குத் தள்ளப்பட்டது. மேன்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்றமோ அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சாட்சிகள் சொன்னதை நேரில் கேட்கவும் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவும் இயலாதபடி ஒருவனைக் குற்றவாளியாக்குவது இயற்கை நீதிக்கு முரணானது என்ற வாதம் அங்கே வென்றது. மாணவரின் குடும்பம் அன்று எவ்வளவு மகிழ்ந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ!

அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அந்நாளில் இலங்கையின் உயர் நீதிமன்றத்துக்கும் மேலே கோமறைக் கழகம் என்னும் பிரிவிக் கவுன்சில் இலண்டனில் இருந்தது. பல்கலைக்கழகம் அங்கே மேன்முறையீடு செய்தது. 1960ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே ஜெங்கின்ஸ் பிரபு கழகத்தின் தீர்ப்பை வழங்கினார். வெற்றி பல்கலைக்கழகத்துக்கே கிடைத்தது. பரீட்சை எழுதிய இளைஞருக்கு இதற்குள் எட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

அத்தீர்ப்பின் நியாயம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி நடக்கலாம் என்று பிரபுக்கள் கூறவில்லை. இத்தகைய விசாரணை நீதிமன்ற விசாரணையை ஒத்தது. ஆகவே இயற்கை நீதியின் விதிகள் இதனையும் கட்டுப்படுத்தும் என்றே தொடங்கினார்கள். குற்றச்சாட்டு இன்னதென்பது மாணவருக்குத் தெரிவிக்கப்பட்டதா? தெரிவிக்கப்பட்டது. தமது பக்கத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கிடைத்ததா? கிடைத்தது. மாணவியைக் கேள்வி கேட்க வேண்டும் என்று அவர் கோரினாரா? கோரவில்லை. கோரி மறுக்கப்பட்டிருந்தால் அவருடைய ஆட்சேபம் மிகுந்த வலிமை பெற்றிருக்கும். கோராதவரிடத்திலே, உனக்கு இந்த உரிமை உண்டு என்று குழு தானாகவே எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. கழகம் கண்ட முடிவு இதுவே.

எட்டு ஆண்டு வழக்கு ஒரு வாக்கியத்திலே வந்து நின்றது. 'அச்சாட்சியை நான் கேள்வி கேட்க அனுமதியுங்கள்' என்ற வாக்கியம் விசாரணை அறையிலே சொல்லப்படவில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற நமது பழமொழிக்கு இதனிலும் கசப்பான உதாரணம் கிடைப்பது அரிது.

சட்டத்தின்படி அத்தீர்ப்பு சரியாயிருக்கலாம். எனினும் மனம் ஒன்று கேட்கின்றது. மேசையின் ஒரு பக்கத்திலே துணைவேந்தரும் கற்றறிந்த பெரியோரும். மறுபக்கத்திலே தனியாக ஓர் இளைஞன். நமது வீடுகளிலே பெரியோர் முன்னிலையில் எதிர்க் கேள்வி கேளாதிருத்தலே நல்லொழுக்கம் என்று பழக்கியிருக்கின்றோம். அவ்வாறு பழகிய பிள்ளையிடம் போய், நீ ஏன் கேட்கவில்லை என்றால் அவன் என்ன சொல்வான்? கேட்கும் உரிமையை எடுத்துரைப்பது சட்டக் கடமை அன்றாயினும், கல்வி நிலையம் ஒன்றுக்கு அது அழகல்லவா?

ஏதேன் தோட்டத்து விசாரணை

இயற்கை நீதி என்னும் இக்கோட்பாடு பல்கலைக்கழகங்களுக்குப் புதியதன்று. இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், றிச்சர்ட் பென்ற்லி என்ற பேரறிஞரின் பட்டங்களை 1718ஆம் ஆண்டிலே பறித்தது. அவர் டிரினிற்றிக் கல்லூரியின் தலைவர். கிரேக்க, இலத்தீன் நூல்களில் ஒப்பற்ற புலமையாளர். அதே வேளையில் சண்டைக்கு அஞ்சாதவர். கட்டணம் ஒன்று பற்றிய பிணக்கிலே துணைவேந்தரின் மன்றத்தை அவர் இழித்துப் பேசினார் என்பதே குற்றம். அவரை அழைத்து விளக்கம் கேளாமலே தண்டனை விதித்தார்கள். பென்ற்லி அரச நீதிமன்றம் சென்றார். 1724ஆம் ஆண்டிலே பட்டங்கள் திரும்பக் கிடைத்தன. அவ்வழக்கிலே நீதிபதி ஒருவர் ஆதாமின் கதையை நினைவூட்டினார். எல்லாம் அறிந்த இறைவனே, கனியை உண்டாயா என்று ஆதாமைக் கேட்டு, அவன் விடை கூறியபின் அன்றோ தண்டித்தார் என்றார். ஒருவன் சொல்லைக் கேளாது அவனைத் தண்டித்தல் ஆகாது என்பதற்கு இன்றைக்கும் சட்ட நூல்கள் இந்த உதாரணத்தையே காட்டுகின்றன.

நீதிபதி விடைத்தாள் திருத்துவாரா?

விசாரணை முறையிலே குறை இருந்தால் நீதிமன்றம் தலையிடும் என்பது தெளிவு. புள்ளி போதாது, எனக்கு முதலாம் வகுப்பே தந்திருக்க வேண்டும் என்று வழக்கிட்டால் என்ன ஆகும்? இலண்டன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் ஒருவர் அத்தகைய வழக்கொன்றைத் தொடுத்தார். பரீட்சகர்கள் தமது விடைத்தாள்களைக் கவனக்குறைவாக மதிப்பிட்டார்கள் என்பது அவரது முறைப்பாடு. 1966ஆம் ஆண்டிலே அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம், இது எமது அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று கதவை மூடிவிட்டது.

2000ஆம் ஆண்டிலே அக்கதவு சிறிது திறந்தது. இங்கிலாந்தின் மற்றொரு பல்கலைக்கழகத்து மாணவி ஒருவர் எழுதிய கட்டுரை, ஒப்படைக்கும் நாளுக்குச் சற்று முன்னர் கணினியிலிருந்து அழிந்துபோயிற்று. அவர் தம்மிடமிருந்த குறிப்புக்களை ஒப்படைத்தார். பிறர் எழுத்தைத் திருடினார் என்று கூறிப் பரீட்சகர்கள் அவரைத் தோல்வியடையச் செய்தனர். மேன்முறையீட்டின் பின்னர் அக்குற்றச்சாட்டு விலகியது, புள்ளியோ பூச்சியமாயிற்று. நீதிமன்றம் இரண்டு காரியங்களை வேறுபடுத்திக் காட்டியது. ஒரு கட்டுரைக்கு எத்தனை புள்ளி என்பது ஆசிரியர்களின் அறிவுக்கு உரியது. அதிலே நீதிபதி தலையிடார். பல்கலைக்கழகம் தானே வகுத்த விதிகளை மீறியதா என்பது நீதிபதி விசாரிக்கக்கூடியது. இந்த வேறுபாட்டை மறந்து வழக்குக்குப் போகின்றவர் பணத்தையும் காலத்தையும் இழப்பர்.

இன்று நமது நாட்டில்

இலங்கையிலிருந்து கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழக்கம் 1971ஆம் ஆண்டின் சட்டத்தோடு ஒழிந்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வேறு வாயில்களைத் திறந்தது. அதன் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கின்றது. அரச பல்கலைக்கழகம் அதனை மீறினால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். மேன்முறையீட்டு நீதிமன்றத்திலே எழுத்தாணை கோரவும் வழியுண்டு.

1995ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளிலே வெளிவந்த ஒரு தீர்ப்பு மாணவருக்குப் பெருந்துணையானது. களனிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அழகியற் கற்கை நிறுவகத்திலே எழுந்த பட்டப் பிணக்கு அது. நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அவர்கள் அதிலே ஒரு கொள்கையை நிலைநாட்டினார். பரீட்சை விதிகளை 12ஆம் உறுப்புரையோடு சேர்த்து வாசிக்கும்போது, தகுதி பெற்றவருக்குப் பட்டம் பெறும் உரிமையும், பாகுபாடின்றி அதனை வழங்கும் கடமை பல்கலைக்கழகத்துக்கும் உண்டாகின்றன என்றார். பல்கலைக்கழகம் தனக்கென்று தற்றுணிபு அதிகாரம் வைத்திருந்தாலும் அதுவும் சமத்துவத்துக்கு உட்பட்டதே என்றார். இத்தீர்ப்பின்படி, தகுதியை நிரூபித்தவர் பட்டத்தை உரிமையாகவே கேட்கலாம்.

மாணவர் மனங்கொள்ள வேண்டியவை

அநியாயம் நேர்ந்தது என்று எண்ணும் மாணவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது பல்கலைக்கழக விதி நூல். எந்த விதி மீறப்பட்டது என்று சுட்டிக்காட்ட முடியாத முறைப்பாடு வலுவிழந்து நிற்கும். இரண்டாவது, சொல்ல வேண்டியவை யாவற்றையும் எழுத்திலே சொல்லி, பிரதியைப் பத்திரமாக வைத்தல். விசாரணைக்கு அழைக்கப்பட்டால், குற்றச்சாட்டு என்ன, சாட்சி யார், அவர் என்ன சொன்னார், அவரைக் கேள்வி கேட்கலாமா என்று பணிவோடும் துணிவோடும் கேட்க வேண்டும். மறுத்தால் அம்மறுப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, காலம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் செய்தல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நடைபெறும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் சட்டம் கூறுகின்றது. உறவினரிடம் யோசனை கேட்டுக் கேட்டே இந்த மாதத்தைப் போக்கிவிடுகின்றவர்கள் உண்டு. முதல் வாரத்திலேயே நல்ல சட்டத்தரணி ஒருவரைக் காண்பதே புத்தி.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை பழி சுமந்து வீட்டுக்கு வரும் நாளிலே, ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தினால் அவனை வாய் மூடியிருக்கச் செய்யாதீர்கள். அவன் குற்றம் செய்திருந்தால் அதனை ஒப்புக்கொள்ளும் துணிவையும், செய்யாதிருந்தால் பெரியோர் முன்னிலையிலும் தன் கேள்வியைக் கேட்கும் துணிவையும் அவனுக்குக் கொடுங்கள். விசாரணை மேசையின் மறுபக்கத்தில் அமர்பவர்களும் தம் வீட்டுப் பிள்ளை எதிரே நிற்பதாக எண்ணி, உனக்குக் கேட்க வேண்டியது ஏதும் உண்டா என்று ஒருமுறை கேட்பார்களாக. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.