ரம்பம் பட்ட பீப்பாய்கள்

திராட்சைத் தேசம் – 9

பரோலோ ஒயினை முதன்முறை பார்ப்பவர்களுக்கு அதன் நிறம் ஏமாற்றம் தரும். கோப்பையின் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு வெளிறிய சிவப்பு. இதில் என்ன வலு இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஒரு மிடறு பருகினால், பச்சைப் பாக்கை மென்றதுபோல நாக்கும் ஈறும் இறுகிக்கொள்ளும். அந்தத் துவர்ப்பை என்ன செய்வது என்பதில்தான் தந்தைகளும் மகன்களும் மோதிக்கொண்டார்கள்.

இத்தாலியின் வடமேற்கே, பீட்மான்ட் மாநிலத்தில், ஆல்பா நகரை ஒட்டியவை லாங்கே குன்றுகள். அங்கே பரோலோ, லா மோர்ரா, செர்ராலுங்கா உள்ளிட்ட 11 ஊர்களின் எல்லைக்குள் விளையும் நெப்பியோலோ திராட்சையில் மட்டும்தான் இந்த ஒயினைச் செய்யலாம். பிடிவாதமான கொடி அது. எல்லாவற்றுக்கும் முன்னால் துளிர்த்துவிட்டு, அக்டோபர் மூடுபனி இறங்கும் சமயத்தில் கடைசியாகப் பழுக்கும். நல்ல வெயில் விழும் சரிவாகப் பார்த்து நட வேண்டும். லா மோர்ரா மண்ணில் மென்மையும் மணமும் கூடும், செர்ராலுங்காவில் இறுக்கம்.

பழைய முறையில், சாற்றைத் தோலோடு ஒரு மாதம் வரைகூட ஊறவிடுவார்கள். பிறகு ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரிய ஓக் பீப்பாய்களில் வருடக்கணக்கில் கிடக்கும். துவர்ப்பு அடங்கி, ரோஜாவும் தாரும் கலந்த அந்த விசித்திர மணம் எழுவதற்குள் பத்துப் பதினைந்து வருடம் ஓடிவிடும். அவ்வளவு நாள் காத்திருக்க வாங்குபவர்களுக்குப் பொறுமையில்லை. 1970களில் பல விவசாயிகள் வறுமையில்தான் இருந்தார்கள்.

லா மோர்ராவின் எலியோ அல்தாரே 1976இல் பிரான்சின் பர்கண்டிக்குப் போனார். அங்கே சிறு விவசாயிகள் செழிப்பாக வாழ்வதைக் கண்டார். அவர்களிடம் இருந்தவை 228 லிட்டர் அளவிலான சின்னப் பீப்பாய்கள். ஒயின் மரத்தோடு கூடுதலாக உரசும். துவர்ப்பு சீக்கிரம் இளகும். ஊர் திரும்பியவர், மிஞ்சும் குலைகள் நன்றாகப் பழுக்கட்டும் என்று பச்சைக் குலைகளில் ஒரு பங்கை வெட்டி எறிந்தார். பசி தெரிந்த தலைமுறைக்கு அது பாவமாகப் பட்டது. 1983இல் ரம்பத்தை எடுத்து, அப்பாவின் பெரிய பீப்பாய்களையே அறுத்துப் போட்டார். சொத்தில் பங்கில்லை என்றார் அப்பா.

எதிர்ப்பக்கம் நின்றவர் பரோலோ ஊர்க்காரரான பார்த்தோலோ மஸ்கரெல்லோ. சின்னப் பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று தன் புட்டியின் லேபிளிலேயே வரைந்து எழுதியவர். சுருக்கமாகச் சொன்னால் அல்தாரேவுக்கு அநியாயம் செய்துவிடுவோம்: அவரும் அவரைப் போன்றவர்களும் கொண்டுவந்த தோட்டப் பராமரிப்பும் நிலவறைச் சுத்தமும் இல்லாமல் இன்றைய பரோலோ இல்லை. ஆனாலும் என் மனம் மஸ்கரெல்லோவிடம்தான் போகிறது. புது ஓக்கின் வெனிலா வாசம் ரோஜாவை மூடிவிடும்போது, அது எந்த ஊர் ஒயினாகவும் இருக்கலாம். நான்கு தோட்டங்களின் பழத்தைக் கலந்தே தன் பரோலோவைச் செய்தார் அவர். 2005இல் அவர் மறைந்தபின் மகளும் அப்படியேதான் செய்கிறார்.

சட்டப்படி குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். எந்த அளவுப் பீப்பாய் என்று சட்டம் சொல்வதில்லை. சண்டை ஓய்ந்த பிறகு, புதுமை பேசிய பலரும் தாங்களாகவே பெரிய பீப்பாய்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

(தொடரும்)