சாப்பிடக் கூடாத நெல், சுத்தமாகும் வயல்

நாத்து நடுறாங்க, பயிர் நல்லா வளருது, அறுவடையும் நடக்குது. ஆனா அந்த நெல்லுல ஒரு மணியைக்கூட யாரும் சாப்பிடக் கூடாது. இப்படி ஒரு விவசாயத்தைப் பத்தித்தான் இந்த எபிசோடு.

இடம் ஜப்பான். தோயாமா மாகாணத்துல ஜின்சுன்னு ஒரு ஆறு. அதோட மேல்பகுதியில இருந்த கமியோகா சுரங்கத்தின் கழிவிலிருந்து காட்மியம் என்ற உலோகம் ஆத்துல கலந்து, பாசனத் தண்ணி வழியா வயலுக்கு வந்துச்சு. அங்க விளைஞ்ச அரிசியைப் பல வருஷம் சாப்பிட்டவங்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, எலும்பு பலமிழந்து உடைஞ்சது. நோயோட பேரே 'இத்தாய் இத்தாய்'. 'வலிக்குது, வலிக்குது'ன்னு அர்த்தம். காட்மியம்தான் காரணம்னு 1968ல ஜப்பான் அரசு ஒத்துக்கிச்சு.

அந்த வயல்கள்ல நல்ல மண்ணைக் கொண்டுவந்து கொட்டிச் சரிசெஞ்சாங்க. வேலை முடிஞ்சது 2012ல. 30 வருஷத்துக்கு மேல ஆச்சு, செலவும் ரொம்ப அதிகம். காட்மியம் கலந்த வயல் ஜப்பான்ல வேற இடங்கள்லயும் இருக்கு. எல்லா இடத்துலயும் மண் மாத்துறது கஷ்டம். அதனால ஆராய்ச்சியாளர்கள் நெல்லையே வேலைக்கு இறக்கினாங்க.

சாதாரணமா, நெல்லுக்குள்ள இருக்கும் ஒரு மரபணு, காட்மியத்தை வேர்லயே பூட்டி வைக்கும். 'சோகோகோகு' மாதிரி சில இண்டிகா ரகங்கள்ல அந்தப் பூட்டு வேலை செய்யாது. காட்மியம் தண்டு, இலைன்னு மேல ஏறிடும். சாப்பாட்டுக்கு ஆபத்தான இந்தக் குணம்தான் மண்ணைச் சுத்தம் பண்ணத் தேவை.

தண்ணி கட்டுறதும் தலைகீழ்தான். வயல்ல தண்ணி நின்னா, காட்மியம் கந்தகத்தோட சேர்ந்து கரையாம கிடக்கும். அதனால சாப்பாட்டு நெல்லுக்கு, கதிர் வர்ற சமயத்துல தண்ணி நிக்க விடுவாங்க. இங்க தண்ணியை வடிச்சிடுறாங்க. மண்ணுக்குள்ள காத்து போனதும் காட்மியம் கரையும், வேர் உறிஞ்சும்.

2009ல வெளியான ஒரு ஆய்வுல, இந்த ரகத்தை 2 வருஷம் பயிரிட்டதும் ஹெக்டேருக்கு 883 கிராம் காட்மியம் வெளிய வந்துச்சு. மண்ல இருந்த அளவு 38 சதவீதம் குறைஞ்சது. அடுத்து விளைஞ்ச சாப்பாட்டு அரிசியில 47 சதவீதம் குறைஞ்சது, விளைச்சலும் குறையல.

ஆனா செடி உலோகத்தை அழிக்காது, இடம்தான் மாத்தும். அந்த வைக்கோலை மாட்டுக்குப் போட்டா சாணியா வயலுக்கே திரும்பும். வயல்லயே மக்க விட்டாலும் அதே கதைதான். அதனால எல்லாத்தையும் அறுத்து வெளிய எடுத்து, புகையை வடிகட்டுற உலையில எரிச்சு, சாம்பலையும் பத்திரமா அப்புறப்படுத்தணும். அதுவரைக்கும் அந்த நிலத்துல இருந்து விவசாயிக்கு விக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.

அதனால, 'செடி நட்டா போதும், மண் சுத்தமாயிடும்'னு யாராவது சொன்னா ரெண்டு கேள்வி கேளுங்க. அறுத்த பயிர் எங்க போகுது? அந்த வருஷங்களோட வருமானத்தை விவசாயிக்கு யார் தர்றாங்க?