கஞ்சாச் செடியில் ஒரு ‘தாய்ச் சத்து’! போதை இல்லை, நோய் தீர்க்குமா?

கஞ்சா என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? போலீஸ், கோர்ட்டு, ஜெயில். கெட்டுப்போன பிள்ளை, கண்ணீர் விடும் தாய்.

அந்தச் செடிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சத்துகள் இருக்கின்றன. அவற்றில் ஆளை மயக்குவது முக்கியமாக ஒன்றுதான். அதன் பெயர் டி.எச்.சி.

அதே செடியில் போதை தராத இன்னொரு சத்தும் உண்டு. அது மனப் பதற்றத்தைக் குறைப்பதாக 2024-ம் ஆண்டில் ஒரு சோதனை காட்டியது. அதன் பெயர் கன்னபிஜெரால். சுருக்கமாக, சி.பி.ஜி.

பஸ்சில் வந்த 5 கிலோ

இதைப் பிரித்து எடுத்தவர்கள் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் இருவர். ஒருவர் ரபேல் மெச்சோலம். மற்றவர் யெகீல் கவோனி. ஆண்டு 1964.

ஆராய்ச்சி செய்ய சரக்கு வேண்டுமே! எங்கே போவது? மெச்சோலம் போலீசாரைக் கேட்டார். கடத்தல்காரர்களிடம் பிடித்து வைத்திருந்த கஞ்சாப் பிசினில் 5 கிலோவை அவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். மெச்சோலம் அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்சில் ஏறிவிட்டார்! “இது என்ன வாசனை?” என்று பயணிகள் மூக்கைச் சுளித்தார்களாம்.

கொடுத்ததும் சட்டப்படி தவறு, வாங்கியதும் தவறு என்பது பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுத் தப்பினார். அந்தப் பஸ் பயணம் நடக்காவிட்டால் இந்தக் கதையே இல்லை!

பிசினிலிருந்து சத்துகளைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். டி.எச்.சி. உள்ளே போனதும் குரங்குகள் மயங்கி உட்கார்ந்துவிட்டன. சி.பி.ஜி. கொடுத்தபோது அப்படி ஒன்றும் ஆகவில்லை. “இதில் போதை இல்லை” என்று ஒதுக்கிவிட்டார்கள். பல ஆண்டுகள் யாரும் அதை அதிகமாகக் கவனிக்கவில்லை.

தாய் என்பது ஏன்?

இளம் செடியில் முதலில் உண்டாவது சி.பி.ஜி.யின் புளித்த வடிவம், அதாவது அமில வடிவம். செடி வளர வளர, அதிலுள்ள என்சைம்கள் அந்த அமிலத்தை மாற்றுகின்றன. ஒரு பகுதி டி.எச்.சி.க்கு வழி விடுகிறது. இன்னொரு பகுதி சி.பி.டி. என்ற மற்றொரு சத்துக்கு வழி விடுகிறது. பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் தாயைப் போல, முற்றிய செடியில் சி.பி.ஜி. மிகக் குறைவு. சாதாரணமாக நூற்றில் ஒரு பங்குகூட இராது.

எலிக்கு நல்லது, மனிதனுக்கு?

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகர விஞ்ஞானிகள், குடல் வீங்கிப் புண்ணான எலிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். வீக்கம் தணிந்தது. இது 2013-ல்.

கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2020-ல் நடந்தது இன்னும் சுவையானது. பல மருந்துகளுக்கும் அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமி உண்டு. ஆஸ்பத்திரிகளுக்கு அது பெரிய தலைவலி. கஞ்சாச் செடியின் 18 சத்துகளை அதன் மேல் ஏவிப் பார்த்தார்கள். சி.பி.ஜி. நன்றாக வேலை செய்தது. கிருமி தாக்கிய எலிகளையும் அது காத்தது.

சரி, மனிதனுக்கு? அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 34 பேரை வைத்துச் சோதித்தது. முடிவு 2024-ல் வெளியானது. ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை 20 மில்லிகிராம் சி.பி.ஜி.; இன்னொரு தடவை மருந்தே இல்லாத போலிச் சரக்கு. இரண்டுக்கும் இடையே ஒரு வாரம். எது அசல், எது போலி என்று சாப்பிட்டவருக்கும் தெரியாது. சோதித்தவருக்கும் தெரியாது. பிறகு அவர்களைப் பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். யாருக்குத்தான் வியர்க்காது!

அசல் மருந்து சாப்பிட்டபோது பதற்றம் குறைந்திருந்தது. சொற்களை நினைவில் வைத்துச் சொல்வதிலும் முன்னேற்றம். போதையோ தள்ளாட்டமோ இல்லை.

நல்ல செய்திதான். அவசரப்படக் கூடாது. 34 பேரும் ஏற்கெனவே கஞ்சா பழக்கம் உள்ளவர்கள். சாப்பிட்டது ஒரே ஒரு வேளை. ஆறு மாதம் தொடர்ந்து சாப்பிட்டால் ஈரல் என்ன ஆகும், கர்ப்பிணிக்கு என்ன ஆகும் என்பதற்கெல்லாம் இந்தச் சோதனையில் பதில் இல்லை. எலிகளில் இது ரத்த அழுத்தத்தை இறக்கியிருக்கிறது. ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் தாத்தாவுக்கு இது நல்லதா, கெட்டதா? யோசிக்க வேண்டும் அல்லவா?

கூடப்பிறந்த சத்தின் கதை

சி.பி.டி. எப்படி மருந்தாயிற்று என்று பார்த்தால் விஷயம் விளங்கும். குழந்தைகளுக்கு வரும் திராவே என்ற கொடிய வலிப்பு நோய்க்கு அது சோதிக்கப்பட்டது. 120 குழந்தைகளும் இளைஞர்களும் அதில் சேர்ந்தார்கள். மருந்து சாப்பிட்ட பகுதியினருக்கு மாதம் சுமார் 12 தடவை வந்த வலிப்பு, சுமார் 6 தடவையாகக் குறைந்தது. போலி மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஏறக்குறைய மாற்றமே இல்லை. இதைப் போன்ற சோதனைகளுக்குப் பிறகுதான், 2018-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அப்போதும் ஈரலைப் பரிசோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

சி.பி.ஜி. இன்னும் அந்த வாசலுக்கு வரவில்லை. வியாபாரிகள் முந்திக்கொண்டுவிட்டார்கள். வெளிநாடுகளில் சி.பி.ஜி. எண்ணெய் சீசாவில் விற்பனையாகிறது. “தூக்கம் வரும், வலி போகும்” என்று விளம்பரம்.

சீசாவின் மேல் எழுதியிருப்பதை நம்பலாமா? 2017-ல் அமெரிக்காவில், இன்டர்நெட்டில் விற்ற 84 சி.பி.டி. சரக்குகளை வாங்கிச் சோதித்தார்கள். நூற்றுக்கு 31-ல்தான் அளவு சரியாக இருந்தது. 18 சரக்குகளில் போதை தரும் டி.எச்.சி.யும் கலந்திருந்தது! போதை இல்லை என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுத்த தாயின் கதி?

நம் நாட்டில் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பது குற்றம். “மருந்துக்காக வைத்திருந்தேன்” என்று யாரும் செடியைக் கிள்ளி வைத்துக்கொண்டு தப்ப முடியாது.

வாஷிங்டன் குழுவினர் அடுத்த சோதனைக்குத் திட்டமிட்டார்கள். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், பதற்றத்தின்போது உடலில் சுரக்கும் கார்ட்டிசால் ஆகியவற்றையும் அதில் அளந்து பார்ப்பது அவர்கள் எண்ணம்.