ஸீஸர் ஸாலடும் நம் வீட்டுப் புளியும்

"இலையை வேகவைக்காமல் உண்பதா?" என்று நம்மவர்களில் பலர் முகத்தைச் சுளிப்பதுண்டு. ஸ்ரீராம நவமியன்று ஊறவைத்த பயற்றம்பருப்பில் வெள்ளரிப் பிஞ்சையும் மாங்காயையும் கலந்து உண்பவர்களும் அவர்களே! கோசுமல்லி என்று நாம் வழங்கும் அந்தப் பதார்த்தத்துக்கு அயல்நாட்டில் ஓர் உறவு உண்டு. அதன் பெயர் ஸீஸர் ஸாலட்.

ரோமாபுரிச் சக்கரவர்த்திக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இத்தாலியில் பிறந்து, மெக்ஸிகோவின் டிஹுவானா நகரில் போஜனசாலை நடத்திய ஸீஸர் கார்டினியின் பெயரே இது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபடியால், எல்லை தாண்டி அங்கே கூட்டம் குவிந்தது. 1924 ஜூலை 4-ந் தேதி பண்டங்கள் தீர்ந்துபோகவே, எஞ்சியிருந்தவற்றைக் கொண்டு தம் தந்தை இதை ஆக்கினார் என்று அவர் புதல்வி ரோஸா சொல்லி வந்தார்.

இலையும் எண்ணெயுந்தானே என்று மரக்கறி உணவினர் இதை நம்பிவிடலாகாது. இதில் சேரும் இத்தாலியப் பார்மஸான் பாலாடைக்கட்டிக்குப் பாலை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் சத்து. வூஸ்டர் ஸாஸிலோ நெத்திலி இனத்து மீன் இருக்கிறது. முட்டையும் உண்டு. ஆனால் ஒரு வேடிக்கை! அதே வூஸ்டர் ஸாஸில் நம் புளியும் இருக்கிறது. ஆகவே, மீனை நீக்கிப் புளியை வைத்துக்கொண்டால் நமக்கு நஷ்டமில்லை.

நால்வருக்குச் செய்யும் முறை இது: லெட்டூஸ் கீரை 300 கிராம். நீலகிரியில் பயிராகும் இக்கீரை, மதுரைச் சமவெளி வெயிலில் சீக்கிரம் தண்டு விட்டுக் கசந்துவிடும். ஆதலால் இளசாகப் பார்த்து வாங்குக. நல்ல நீரில் இதழ் இதழாகக் கழுவித் துணியில் ஒற்றி ஈரம் போக்குக. ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது. நேற்றைய ரொட்டித் துண்டுகள் நான்கைச் சதுரமாக நறுக்கி, பூண்டு நசுக்கிப் போட்ட எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்துக்கொள்க.

முட்டை உண்போர், வேகவைத்த இரண்டு மஞ்சள் கருக்களை மசிக்கலாம். பச்சை முட்டையில் ஸால்மொனெல்லாக் கிருமி இருக்கக்கூடுமாதலால் அது வேண்டாம். மற்றவர்கள், துணியில் கட்டி நீர் வடித்த தயிர் நான்கு கரண்டி எடுத்துக்கொள்க. அதில் ஒரு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை வெல்லம் கரைத்த புளிக்கரைசல் அரைக் கரண்டி, மிளகுப்பொடி சேர்த்து, ஒலிவ எண்ணெயோ கடலை எண்ணெயோ ஐந்து கரண்டி சிறிது சிறிதாக விட்டு அடித்தால் குழம்புபோல் திரளும். பாலாடைக்கட்டியைப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கி 40 கிராம் துருவிக்கொள்க.

உப்பையும் குழம்பையும் பந்தியில் அமர்ந்தபின்பே இலையில் கலக்க வேண்டும். உப்புப் பட்டதும் இலை தன் நீரை விட்டுத் துவண்டுபோகும். கோசுமல்லியில் வெள்ளரி நீர் விடுவதும் இக்காரணத்தாலேதான். ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் கடைசியில் தூவுக.

லெட்டூஸ் கிடைக்காத நாளில் வருந்த வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் தெருவில் வரும் வெள்ளரிப் பிஞ்சுக்கும் இக்குழம்பு மிகவும் பொருந்தும்.